வார்டில் 'காய்' விடலாமா?

சின்ன வயதில் சண்டை வந்தால் காய் விடுவோம், மறுநாளே பழம் விடுவோம். நர்சிங் படிக்க வந்த பிறகும் பிள்ளைகள் காய் விடுகிறார்கள். பழம் விடத்தான் மறந்துபோகிறார்கள்.

வேலூரில் நான் டியூட்டராக இருந்த ஒரு வார்டில் நடந்தது. இரண்டாம் ஆண்டு குடியாத்தத்துப் பெண், மூன்றாம் ஆண்டு ஆரணிப் பெண். மே மாதம், வேலூர் வெயில். ஹாஸ்டலில் பக்கெட்டில் பிடித்து வைத்த தண்ணீரை யார் எடுத்தது என்று தொடங்கி, பத்து நாளாக இருவருக்கும் பேச்சில்லை.

காலை ஷிப்டில் இளையவள் ஒரு நோயாளியின் யூரின் பேக்கைக் காலி செய்தாள். 400 மில்லி. சார்ட்டில் எழுதவில்லை. ஹேண்டோவரில், அதாவது ஷிப்ட் மாறும்போது நோயாளியை ஒப்படைக்கையில், படுக்கை அருகே நின்று சொல்லியிருந்தால் சரியாகியிருக்கும். இவள் நோட்டை மேஜையில் வைத்துவிட்டுப் போனாள், அடுத்த ஷிப்டுக்கு வந்த பெரியவள் எடுத்துக்கொண்டாள்.

மாலை ரவுண்ட்ஸில் கணக்குப்படி எட்டு மணி நேரத்துக்கு 50 மில்லி. 60 கிலோ உடம்புக்கு மணிக்கு 30 மில்லியாவது போக வேண்டும். டாக்டர் முகம் மாறிவிட்டது. இன்சார்ஜ் சிஸ்டர் சந்தேகப்பட்டு ஹாஸ்டலுக்குப் போன் போட்டதால் தப்பித்தோம். சார்ட்டைச் சரிபார்க்காத எனக்கும் அதில் பங்கு உண்டு.

தன் உணர்வையும் பிறர் உணர்வையும் புரிந்து நடக்கும் திறனான உணர்வு நுண்ணறிவு பற்றி உளவியலாளர்கள் சலோவேயும் மேயரும் 1990இல் எழுதினார்கள். பரீட்சையில் கேட்டால் நம் பிள்ளைகள் நான்கு பக்கம் எழுதுவார்கள். சண்டை சச்சரவைக் கையாளத் தாமஸ்–கில்மன் என்ற இரு ஆய்வாளர்கள் சொல்லும் ஐந்து வழிகளில் வார்டில் இவர்கள் எடுப்பது ஒன்றே ஒன்று: ஒதுங்கிப்போவது. கோபம் தலைக்கேறியபோது பத்து நிமிஷம் ஒதுங்குவது நல்லதுதான். பத்து நாள்?

இருவரையும் 'சாரி' சொல்ல வைக்கவில்லை. வாயால் வரும் சாரியில் எனக்கு நம்பிக்கை கிடையாது. 'நீ எப்பவுமே இப்படித்தான்' என்ற பேச்சு மட்டும் கூடாது, நடந்ததையும் அப்போது மனசில் பட்டதையும் சொல்லுங்கள் என்றேன். பெரியவள் சொன்னாள்: "அஞ்சு மணிக்குப் பக்கெட் காலி மேடம். குளிக்காமலே டியூட்டிக்கு வந்தேன். நாள் முழுக்க எல்லாரும் என்னையே பார்க்கிற மாதிரி கூச்சமா இருந்துச்சு." கோபம் என்று பத்து நாளாக நாங்கள் நினைத்தது கூச்சம்! இளையவளுக்கு அது தெரியவே தெரியாது.

மறுநாள் மதியம் ஹேண்டோவர். இளையவள் பேக்கைத் தூக்கிக் காட்டினாள்.

"அக்கா, பன்னிரண்டு மணிக்கு 350 காலி பண்ணேன். எழுதிட்டேன், பாருங்க."

பெரியவள் குனிந்து பார்த்தாள். "சரி. இப்போ 40 இருக்கு. நீ கிளம்பு, பஸ் போயிடும்."