ராஸ்பெரியும் வாழை மாதிரிதான், நடுவில் ஒரு குளிர்காலம்

போன வருடம் பிப்ரவரியில் இங்கிலாந்திலிருந்து அக்கா மகள் வீடியோ காலில் வந்தாள். அவர்கள் வாங்கிய வீட்டின் கொல்லையில், முன்பு இருந்தவர்கள் வைத்துவிட்டுப் போன ராஸ்பெரிப் புதர் இருந்தது. "எல்லாம் காய்ஞ்ச குச்சியா நின்னுச்சு சித்தி. பக்கத்து வீட்டுத் தாத்தா அவரோடதைத் தரையோட வெட்டினார். நானும் வெட்டிட்டேன்" என்றாள். நங்கநல்லூர் மொட்டைமாடியில் கத்தரிக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்த நானும் சரி என்று தலையாட்டிவிட்டேன். செப்டம்பரில் தாத்தாவுக்குக் கிண்ணம் கிண்ணமாகப் பழம். இவளுக்கு ஆளுயரத் தண்டுகள். ஒரு பூகூட இல்லை.

வாழை வைத்தவர்களுக்கு இது எளிதில் புரியும். குலை தள்ளிய மரம் மறுபடி தள்ளாது. அதை வெட்டிவிட்டுப் பக்கக்கன்றை விடுவோம். ராஸ்பெரியின் வேரும் பல ஆண்டு வாழும். ஆனால் தண்டுக்கு ஆயுசு இரண்டே வருடம். முதல் வருடம் வளர்ந்து இலை விடும். மறு கோடையில் பக்கக்கிளை விட்டு, பூத்து, காய்த்து, அப்படியே பட்டுப்போகும். அதற்குள் வேரிலிருந்து அடுத்த தண்டுகள் கிளம்பியிருக்கும்.

வாழையில் இல்லாத ஒன்று, இந்த இரண்டு வருடத்துக்கு நடுவில் வரும் குளிர்காலம். கோடை முடிந்து பகல் குறுகி, வெப்பம் 15 டிகிரிக்குப் பக்கத்தில் இறங்கும்போது, இலைக்கணுவில் இருக்கும் சின்ன மொட்டுக்குள் பூவின் தொடக்கம் உருவாகிவிடுகிறது. வெளியிலிருந்து பார்த்தால் வெறும் முண்டு. நுண்ணோக்கியில் பார்த்தால் அடுத்த ஜூலைப் பழத்துக்கான பூ. அக்கா மகள் காய்ந்த குச்சி என்று வெட்டி எறிந்தது இதைத்தான்.

அப்போ தாத்தா மட்டும் எப்படித் தப்பினார்? அவருடையது இலையுதிர்காலத்தில் காய்க்கும் வகை. அது முதல் வருடத் தண்டின் நுனியிலேயே காய்த்துவிடும். அதனால் குளிர்காலக் கடைசியில் மொத்தமாக வெட்டினாலும் நஷ்டமில்லை. இவளுடையது கோடை வகை. செடி ஒன்றுபோல இருந்தாலும் கவாத்து, அதாவது வெட்டும் கணக்கு, வேறு.

பூ உருவானதும் மொட்டு தூங்கிவிடும். அப்சிசிக் அமிலம் என்ற ஹார்மோன் கூடி, வளர்ச்சியைப் பிடித்து நிறுத்துகிறது. மொட்டின் செல்களுக்கு இடையே தகவல் போய்வரும் நுண்ணிய வழிகளும் அடைபடுகின்றன. பாப்லர் என்ற குளிர்நாட்டு மரங்களில் இதைத் தெளிவாகவே பார்த்திருக்கிறார்கள். அடைப்பு நீங்க வெயில் உதவாது, நீண்ட குளிர்தான் வேண்டும். ராஸ்பெரியின் பல வகைகளுக்கு 7 டிகிரிக்குக் கீழே 800 மணி நேரத்துக்கு மேல் தேவை. ஜனவரியில் நாலு நாள் வெயில் அடித்தது என்று ஏமாந்து பூத்து, அடுத்த உறைபனியில் கருகாமல் இருக்கச் செடி வைத்திருக்கும் பூட்டு இது.

சென்னையில் அந்தப் பூட்டு திறக்கவே திறக்காது. நானும் ஒரு கோடை வகைக் கன்றை ஆன்லைனில் வாங்கி, தேங்காய் நார்க் கழிவும் மண்புழு உரமும் கலந்த பையில், நிழல்வலைக்குக் கீழே வைத்துப் பார்த்தவள்தான். மார்கழியில் இங்கே இரவு 20 டிகிரிக்கு இறங்கினாலே குரங்குக் குல்லா மாட்டிக்கொள்கிறோம். ராஸ்பெரிக்கு அது கோடைக்கால இரவு. இலை மட்டும் செழித்தது. அப்புறம் கத்திரி வெயிலில் அதுவும் போயிற்று. "ஃப்ரிட்ஜில வெச்சுப் பாரேன்" என்று வீட்டில் கிண்டல் செய்தார்கள். ஐரோப்பாவில் பெரிய விவசாயிகள் அதைத்தான் செய்கிறார்கள்: மொட்டு கட்டிய நீளத் தண்டுகளைக் குளிர்பதனக் கிடங்கில் வைத்திருந்து, வேண்டிய மாதத்தில் எடுத்து நட்டுக் காய்க்க வைக்கிறார்கள்.

மற்ற பராமரிப்பு ஒன்றும் பெரிய வித்தையில்லை. வேர் மேலாகவே ஓடுவதால் கொத்தக் கூடாது, காய்ந்த இலை, வைக்கோல் பரப்பி மூடாக்குப் போட வேண்டும். தண்ணீர் தேங்கினால் வேர் அழுகும். தண்டுகளைக் கம்பியில் கட்டிவிட வேண்டும்.

இந்த ஜூலையில் அவளுக்கும் பழம் வந்தது. அறுவடை முடிந்ததும், கத்திரிக்கோலை எடுக்கும் முன்பே கூப்பிட்டாள். கேமராவைத் தண்டுக்குப் பக்கத்தில் கொண்டுபோகச் சொன்னேன். காய்த்த தண்டு பழுப்பாக, பட்டை உரிந்து, பக்கக்கிளை நுனியில் பழம் கழன்ற வெள்ளைக் கூம்புகளோடு நின்றது. புதுசு வழவழவென்று பச்சை, கிளையே இல்லை. பழுப்பை விட்டுவைத்தால் புதுத் தண்டுக்கு வெளிச்சத்தை மறைக்கும், பூஞ்சைக்கும் இடம் கொடுக்கும். அதை அடியோடு வெட்டினாள்.

"பச்சையிலயும் மெலிசை எடுத்துடு. மீட்டருக்குப் பத்து போதும்."

"நல்லா இருக்கிறதைப் போய் எப்படி சித்தி வெட்டறது?"

"வாழைக்கு நாலு கன்னு விட்டா குலை எப்படி இருக்கும்னு பாட்டியைக் கேளு" என்றேன்.