கொல்லைக் கதவுள்ள கேபினெட்

அக்கா மகன் கடலூர் மஞ்சக்குப்பத்திலிருந்து பஸ் ஏறி, புதுச்சேரி முத்தியால்பேட்டையில் இருக்கும் என் வீட்டுக்கு ஒரு தெர்மாகோல் கட்டியோடு வந்து நின்றான். நீளம் 277 மி.மீ., அகலம் 120 மி.மீ., கனம் 52 மி.மீ. ஓரங்களை உப்புத்தாள் போட்டு நேர்த்தியாகத் தேய்த்திருந்தான். ஒரு முனையில் இரண்டு ஸ்ட்ரா துண்டுகளைச் செருகி, அவைதான் ரப்பர் குழாய்கள் என்றான். கணினியின் சூட்டைத் தண்ணீரால் ஆற்றும் ரேடியேட்டரை வாங்குவதற்கு முன் அதன் உருவத்தை வெட்டி எடுத்துக்கொண்டு வா என்று நான்தான் சொல்லியிருந்தேன்.

கடையில் "240 ரேடியேட்டர்" என்று கேட்டு வாங்குகிறோம். அந்த 240 என்பது அதன்மேல் அடுத்தடுத்து உட்காரும் இரண்டு 120 மி.மீ. விசிறிகளின் கணக்கு மட்டும்தான். தண்ணீர் வந்து திரும்பும் சிறு தொட்டிகள் இரு முனைகளிலும் இருப்பதால் உண்மையான நீளம் பெரும்பாலும் 275 மி.மீ. அளவுக்குப் போய்விடுகிறது. கனத்தில் ரேடியேட்டருக்கு 27, விசிறிக்கு 25. கேபினெட் என்பது கணினியின் உறுப்புகளை அடக்கும் பெட்டி. பெரிய கேபினெட்டில் இதையெல்லாம் யாரும் பொருட்படுத்த மாட்டார்கள். சிறிய கேபினெட்டிலோ, கணினிக்கு மின்சாரம் பிரித்துத் தரும் எஸ்எம்பிஎஸ்ஸின் கேபிள் மடங்கும் இடத்தில் 5 மி.மீ. குறைந்தாலே பக்கவாட்டுத் தகடு மூடாது. உயரமான ரேம் (நினைவகப் பட்டை) ஒன்று ரேடியேட்டர் விசிறியின் அடிவயிற்றில் இடித்துக்கொண்டு நிற்கும். தெர்மாகோல் இடித்தால் சீவிக்கொள்ளலாம். அலுமினியத்தை என்ன செய்வது?

அவன் கல்யாண வீடியோக்களைத் தொகுப்பவன். ஒரே அறைதான் வீடும் அலுவலகமும். கணினி மேசைமேல்தான் இருக்க வேண்டும். 2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் கரையைக் கடந்த ஊரில், விலை உயர்ந்த மின்பொருளைத் தரையில் வைக்க யாருக்கும் மனம் வராது. ஆகவே சிறிய கேபினெட். சிறியது என்றால் எவ்வளவு? இந்தத் துறையில் கேபினெட்டின் அளவை லிட்டரில் சொல்கிறார்கள். ஏறத்தாழ 20 லிட்டருக்குள் அடங்குவதைச் சிறிய வகை என்பது வழக்கம். நம் வீட்டு வாசலில் இறங்கும் குடிநீர் கேன் சரியாக அந்த அளவுதான். லியான் லியின் ஏ4-எச்2ஓ ஏறத்தாழ 11 லிட்டர். கூலர் மாஸ்டரின் என்ஆர்200 ஏறத்தாழ 18 லிட்டர். அரைக் கேனுக்குள் ஒரு தொகுப்பறையே அடங்குகிறது.

இதைச் சாத்தியமாக்கியது, எல்லா உறுப்புகளும் வந்து பொருந்தும் பலகையான மதர்போர்டு. இன்டெல் 1995-இல் வகுத்த ஏடிஎக்ஸ் பலகை 305 மி.மீ. நீளமும் 244 மி.மீ. அகலமும் கொண்டது. வியா நிறுவனம் 2001-இல் கொண்டுவந்த மினி ஐடிஎக்ஸ் பலகை 170 மி.மீ. சதுரம், அகலமான ஒரு தோசைக் கரண்டியின் நீளம்கூட வராது. பலகை சுருங்கியது, எஸ்எம்பிஎஸ்ஸும் எஸ்எஃப்எக்ஸ் என்ற குட்டி வடிவத்துக்கு இறங்கியது. சூடு மட்டும் சுருங்கவில்லை. கணினியின் மூளையான பிராசசர் 150 வாட் தின்னும் என்றால், அது கேனுக்குள் இருந்தாலும் பீரோவுக்குள் இருந்தாலும் அதே 150 வாட் சூட்டைத்தான் கக்கும்.

"தண்ணீர் ஓடுகிறதே மாமா, அது பார்த்துக்கொள்ளாதா?" என்று கேட்டான். பெரும்பாலானோர் இடறி விழும் இடம் இதுதான்.

தண்ணீர் இங்கே சுமைகூலி. பிராசசரின் தலைமேலிருக்கும் செப்புத் தகட்டில் சூட்டை ஏற்றிக்கொண்டு, குழாய் வழியே நடந்து, ரேடியேட்டரில் இறக்கி வைத்துவிட்டுத் திரும்புகிறது. சுமப்பதில் அதற்கு நிகரில்லை. ஒரு கிலோ தண்ணீரை 1 டிகிரி சூடேற்ற ஏறத்தாழ 4,190 ஜூல் வேண்டும். நிமிடத்துக்கு ஒரு லிட்டர் ஓடினாலே போதும். 200 வாட் சூட்டை ஏற்றிக்கொண்டும் அதன் வெப்பம் 3 டிகிரிகூட உயராது. அதே வேலையைக் காற்று செய்ய வேண்டுமென்றால், ஒரு லிட்டர் தண்ணீருக்குப் பதிலாக ஏறத்தாழ 3,500 லிட்டர் காற்று ஓட வேண்டும். இன்னொரு வசதியும் உண்டு. குழாய்களுக்குள் 200 மில்லி லிட்டர் தண்ணீர் இருப்பதாக வைத்துக்கொண்டால், திடீரென்று 100 வாட் கூடும்போது அந்தத் தண்ணீர் 1 டிகிரி ஏற 8 விநாடி ஆகும். ஒரு காட்சியைச் சில விநாடி ஓட்டிப் பார்த்து நிறுத்தும் தொகுப்பாளருக்கு விசிறி அடிக்கடி இரைந்து அடங்கும் தொல்லை இல்லை.

ஆனால் ரேடியேட்டரில் இறக்கி வைத்த சுமையை அறைக்குள் தள்ளுவது காற்றுதான். அப்படியானால் எதற்குத் தண்ணீர் என்று கேட்கலாம். சிறிய கேபினெட்டில் பிராசசரின் தலைக்கு மேல் காற்றுக் குளிர்விப்பானுக்குக் கிடைக்கும் உயரம் சில வகைகளில் 70 மி.மீ.-க்கும் குறைவு. அந்த உயரத்தில் தகடுகளை அடுக்கிப் பெரிய சூட்டை ஆற்ற முடியாது. ஆற்றினாலும் அந்தக் காற்று கேபினெட்டின் நடுவயிற்றில்தான் கலக்கும். தண்ணீர் அந்தச் சூட்டை நடுவிலிருந்து எடுத்து, வெளிக்காற்று கிடைக்கும் சுவரோரத்துக்குக் கொண்டுபோகிறது. எந்தச் சுவர் என்று தீர்மானிப்பதுதான் கேபினெட் தேர்வின் முக்கால் பங்கு.

கணக்கைப் பாருங்கள். திரையில் படங்களை உருவாக்கும் கிராஃபிக்ஸ் கார்டு, 200 வாட் கொண்ட ஒன்று, தன் சூட்டையெல்லாம் கேபினெட்டுக்குள் விடுகிறது. விசிறிகள் விநாடிக்கு 20 லிட்டர், அதாவது விநாடிக்கு ஒரு குடிநீர் கேன் அளவு காற்றை வெளியே தள்ளுகின்றன. இது குறைந்த ஓட்டமில்லை. அப்படியும் உள்ளே காற்று அறையைவிட ஏறத்தாழ 9 டிகிரி சூடாகவே இருக்கும். மே மாதக் கத்திரியில் ஏசி இல்லாத அறை 34 டிகிரி என்றால் உள்ளே 43. இந்தக் காற்றைத்தான் ரேடியேட்டர் குடிக்கப் போகிறதா, அறையின் 34 டிகிரிக் காற்றையா? தண்ணீர் காற்றைவிட 12 டிகிரியும், பிராசசர் தண்ணீரைவிட 30 டிகிரியும் கூடுதலாக நிற்கும் என்று வைத்துக்கொண்டால், வெளிக்காற்றுக்குப் பிராசசர் 76-இல் நிற்கும், உள்காற்றுக்கு 85-இல். ஏஎம்டி நிறுவனத்தின் ரைசன் 7000 வரிசையின் பெரும்பாலான பிராசசர்கள் 95 டிகிரியில் தாமாகவே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். அதே பிராசசர், அதே ரேடியேட்டர், அதே தண்ணீர். பொருத்திய சுவர் மட்டும்தான் வேறு.

புதுச்சேரியின் பழைய தமிழ் வீடுகளில் திண்ணையைத் தாண்டி வாசற்படியில் நின்றால் முற்றம் தெரியும், முற்றத்துக்கு அப்பால் கொல்லைக் கதவு நேராகத் தெரியும். கடல்காற்று வாசலில் நுழைந்து, முற்றத்தில் எழும் சூட்டையும் அடுக்களைப் புகையையும் தள்ளிக்கொண்டு பின்னால் போய்விடும். கேபினெட் வாங்கும்போதும் நான் இதைத்தான் தேடுவேன்: சூடு பிறக்கும் ஒவ்வொரு பொருளுக்கும் தனி வாசல், எல்லாவற்றுக்கும் பொதுவாக ஒரு கொல்லைக் கதவு. முன்பக்கம் முழுவதும் கண்ணாடி பதித்து, ஓரத்தில் இரண்டு விரற்கடை இடைவெளி விட்ட கேபினெட்டுகள் பார்க்க அழகாக இருக்கும். வாசலைச் சுவர் வைத்து அடைத்த வீடு அது. எனக்குப் பிடிப்பதில்லை.

சிறிய கேபினெட்டுகளில் பரவலாக இரண்டு அமைப்புகள் உண்டு. ஒன்றில் மதர்போர்டும் கிராஃபிக்ஸ் கார்டும் முதுகோடு முதுகு ஒட்டி, இரண்டு அறைகளாகப் பிரிந்து நிற்கும். இணைப்பு ஒரு பட்டைக் கேபிளில். 11 லிட்டர் சாகசமெல்லாம் இந்த வகையில்தான். கார்டு பக்கவாட்டுத் தகட்டின் துளைகள் வழியே நேராக வெளிக்காற்றை இழுக்கும், அது நல்லது. ஆனால் ரேடியேட்டர் மேல்மாடியில் இருந்து காற்றை வெளியே தள்ளுமானால், கார்டு கழித்த சூடும் அதன் வழியாகத்தான் போக வேண்டும். விசிறிகளைத் திருப்பி உள்ளே இழுக்க வைத்தால் பிராசசர் பிழைக்கும், கார்டு அவதிப்படும். மற்றொன்று, பலகை நிமிர்ந்து நிற்க, கார்டு அடித்தளத்தில் கீழ்நோக்கிப் படுத்திருக்கும் பழைய பாணி. இதில் ரேடியேட்டரைப் பக்கவாட்டில் பொருத்தி வெளிக்காற்றை இழுக்க வைக்கலாம்; கார்டு அடித்துளைகள் வழியே தனக்கான காற்றை எடுத்துக்கொள்ளும்; மேலே இரண்டு விசிறிகள் எல்லாவற்றையும் தள்ளிவிடும். இடம் 18 லிட்டர் ஆகும். நம் ஊர் வெயிலுக்கு அந்த 7 லிட்டர் கூடுதல் இடத்தை நான் தயங்காமல் கொடுப்பேன். அவன் முகம் கொஞ்சம் சுருங்கியது. 11 லிட்டர்காரனின் படத்தைக் கைபேசியில் வைத்திருந்தான்.

பக்கவாட்டில் வைக்கும்போது ஒன்றைக் கவனிக்க வேண்டும். ஆலையிலேயே மூடி வரும் இந்த அமைப்புகளுக்குள் கொஞ்சம் காற்றும் எப்போதும் இருக்கும். ஆண்டுகள் போகப்போக ரப்பர் குழாயின் சுவர் வழியாகத் தண்ணீர் மிக மெதுவாகக் கசிந்து ஆவியாவதால் அந்தக் காற்று கூடும். காற்று எப்போதும் உச்சியைத் தேடிப் போகும். உச்சியில் ரேடியேட்டரின் தொட்டி இருந்தால் அங்கே சும்மா கிடக்கும். உச்சியில் பம்ப் இருந்தால் பம்ப் தண்ணீருக்குப் பதில் குமிழியைக் கடைந்து களகளவென்று சத்தம் போடும், விரைவில் தேய்ந்தும் போகும். பெரும்பாலான வகைகளில் பம்ப் பிராசசரின் தலைமேல்தான் இருக்கிறது. ஆகவே ரேடியேட்டரின் ஒரு முனையாவது பிராசசரைவிட உயரத்தில் இருக்க வேண்டும். கேபினெட்டின் அடியில் ரேடியேட்டர் வைக்கத் துளை போட்டிருந்தாலும், துளை இருக்கிறதே என்பதற்காக வைத்துவிடக் கூடாது. தெர்மாகோல் கட்டியில் ஸ்ட்ரா செருகியதற்கும் காரணம் உண்டு: குழாய் எந்தப் பக்கம் மடங்க வேண்டும், மடங்கும்போது நெளிந்து நசுங்குமா என்பது அதில் தெரிந்துவிடும்.

அக்காவுக்கு வேறு கவலை. கரண்ட் ஓடும் பெட்டிக்குள் தண்ணீர் வேர்த்துவிட்டால்? ஐஸ் தண்ணீர் பாட்டில் வேர்ப்பதைப் பார்த்தவர் அப்படித்தான் கேட்பார். பாட்டில் வேர்ப்பது, அதன் மேற்பரப்பு காற்றின் பனிநிலையைவிட, அதாவது காற்றிலுள்ள ஈரம் நீராகப் படியத் தொடங்கும் வெப்பநிலையைவிட, குளிர்ந்திருப்பதால். காற்று 30 டிகிரி, ஈரப்பதம் 80 சதவீதம் என்றால் பனிநிலை ஏறத்தாழ 26 டிகிரி. கணினிக்குள் ஓடும் தண்ணீரைக் குளிர்விப்பது அறைக்காற்று மட்டுமே என்பதால், கணினி ஓடும்போது அது அறையைவிடச் சூடாகவே இருக்கும். வேர்க்க வழியில்லை. எச்சரிக்கை வேறு இடத்தில் தேவை: இரவு முழுவதும் 22 டிகிரி ஏசியில் அணைந்து கிடந்த கணினி இருக்கும் அறையின் ஜன்னலைக் காலையில் திறந்தால், கேபினெட்டின் தகடு பாட்டிலைப் போலவே வேர்க்கும். கால் மணி நேரம் பொறுத்து இயக்குவது நல்லது.

நம் கடற்கரைக்கு உண்மையான எதிரி உப்பு. சாதாரண உப்பு, ஈரப்பதம் 75 சதவீதத்தைத் தாண்டினால் காற்றிலிருந்தே நீரை உறிஞ்சிக் கரைசலாகிவிடும். அடுக்களையில் உப்பு ஜாடி கசிவதைப் பார்த்திருப்பீர்கள். கடல்காற்றில் வரும் நுண்ணிய உப்புத்துகள் ரேடியேட்டரின் மெல்லிய அலுமினிய மடிப்புகளில் படிந்து, ஈரமான இரவுகளில் கரைசலாகி, உலோகத்தைத் தின்னும். ஏறத்தாழ ஓராண்டு கிழக்கு ஜன்னலோரம் ஓடிய என் பழைய ரேடியேட்டரைக் கழற்றியபோது மடிப்புகளின் விளிம்பில் மாவு தூவியதுபோல் வெள்ளை. விசிறித் திருகுகளின் தலையில் துரு. மடிப்புகள் மிக நெருக்கமாக இருக்கும் ரேடியேட்டர் காகிதத்தில் அதிகம் குளிர்விக்கும். இங்கே அதில் தூசியும் உப்பும் சேர்ந்து அடை பிடித்துவிடும். இடைவெளி கொஞ்சம் கூடுதலாக உள்ளதும், கழற்றிக் கழுவக்கூடிய வலைவடிகட்டி உள்ள கேபினெட்டும் போதும். வடிகட்டியை முழுக்கக் காயவிட்டு மாட்ட வேண்டும், அவ்வளவுதான்.

உள்ளே தண்ணீர் குறைந்தது என்று யாரும் கேன் தண்ணீரை ஊற்றிவிடக் கூடாது. இந்த அமைப்புகளில் செப்புத் தகடும் அலுமினிய ரேடியேட்டரும் ஒரே நீரில் நனைகின்றன. இரண்டு வேறு உலோகங்கள், நடுவே உப்புக் கலந்த நீர் என்றால் அது ஒரு சிறிய பேட்டரிதான், கரைவது அலுமினியம். அதைத் தடுக்கும் வேதிப்பொருளைக் கலந்துதான் ஆலையில் மூடி அனுப்புகிறார்கள்.

கேபினெட் வந்து சேர்ந்த ஞாயிற்றுக்கிழமை மஞ்சக்குப்பத்துக்குப் போனேன். தெர்மாகோல் அளவு பொய்க்கவில்லை. ரேமுக்கும் விசிறிக்கும் நடுவே ஒரு சிறுவிரல் நுழையும் இடம் இருந்தது. கணினியை ஓடவிட்டு, பக்கவாட்டு வலைக்கு ஒரு சாண் தள்ளி ஊதுபத்தியைப் பிடித்தோம். புகை நேராக உள்ளே போனது. "ஆயுத பூஜைக்கு இன்னும் நாள் இருக்கிறதே" என்றாள் அக்கா. ஊதுபத்தியை மேலே கொண்டுபோனால், மேல்விசிறி தள்ளிய புகை மேசைக்கு மேலிருந்த மர அலமாரியின் அடியில் முட்டி, சுருண்டு இறங்கி, மறுபடியும் பக்கவாட்டு வலைக்குள் நுழைந்தது. கேபினெட்டுக்குக் கொல்லைக் கதவு இருந்தது. கதவுக்கு வெளியே சுவர்.

அலமாரியை இருவருமாகக் கழற்றினோம். அரை மணி நேரம் ஒரு நீளமான கல்யாண வீடியோவை ஏற்றுமதி செய்யவிட்டுப் பார்த்தபோது தண்ணீர் முன்பைவிட 4 டிகிரி குறைவாக நின்றது. அலமாரியிலிருந்த சாமான்களை எங்கே வைப்பது என்று அக்கா இன்னும் கேட்டுக்கொண்டிருக்கிறாள்.