மரநாய் கடித்தாலும் ஊசிதான்

இரண்டு வாரம் முன்பு வந்தது, இந்த ஆண்டில் நான் பார்த்த நான்காவது மரநாய்க்கடி. அம்பாசமுத்திரம் பக்கம் ஓர் ஓட்டு வீடு. பரணில் கத்திக்கொண்டிருந்த குட்டியை ஏழாம் வகுப்புப் பையன் கையில் எடுத்திருக்கிறான். தாய் பாய்ந்து கட்டைவிரலைக் கடித்துவிட்டது. ஆறு நாள் கழித்து ஆச்சி கூட்டி வந்தார். விரலில் சுண்ணாம்பும் மஞ்சளும் காய்ந்து ஓடாக இறுகியிருந்தன. நனைத்து நனைத்து எடுத்த பிறகுதான் பல் பதிந்த இரண்டு துளைகள் தெரிந்தன.

"ஏன் ஆச்சி இத்தனை நாள்?"

"பெயர்தான் மரநாய், டாக்டரம்மா. அது நாய் இல்லையே!"

நான்கு பேரும் சொன்னது இதையேதான். மரநாய் நாய் இனம் இல்லை என்பது உண்மை. புனுகுப் பூனையின் சொந்தம் அது. ஆனால் ரேபிஸ் கிருமிக்கு இந்த உறவுமுறை எதுவும் தெரியாது. பாலூட்டி எதுவானாலும் அதன் எச்சிலில் இருக்கலாம்: நாய், பூனை, கீரி, நரி, பாபநாசத்தில் தேங்காய்மூடி பறிக்கும் குரங்கு, எல்லாம்தான். நம் நாட்டில் பெரும்பாலும் நாயால் வருகிறது என்பதற்காக மற்றவை கடித்தால் வராது என்று ஆகிவிடாது. நோய் வெளிப்பட்டுவிட்டால் எங்களால் காப்பாற்ற முடிவதில்லை.

இன்னொருவர், "பத்து நாள் பார்த்துவிட்டு வருகிறேன்" என்றார். கடித்த விலங்கு பத்து நாள் நலமாக இருக்கிறதா என்று பார்க்கும் கணக்கு நாய்க்கும் பூனைக்கும் மட்டுமே. அப்போதும் ஊசியைத் தொடங்கிவிட்டுத்தான் பார்க்க வேண்டும். ஓடு தாவி ஓடிப்போன மரநாயை எங்கே போய்ப் பார்ப்பீர்கள்? காட்டு விலங்கின் கடியை மூன்றாம் வகைக் காயமாகவே, அதாவது மிகக் கடுமையான வகையாகவே, நாங்கள் எடுத்துக்கொள்கிறோம். தடுப்பூசியோடு காயத்துக்குள்ளேயே இம்யூனோகுளோபுலின் என்ற, கிருமியை உடனே எதிர்க்கும் ஆயத்த எதிர்ப்பு மருந்தும் போட வேண்டும். சின்ன விரலில் அந்த மருந்து இறங்க இடமே இல்லை. சொட்டுச் சொட்டாகச் செலுத்தும்போது பையன் ஆச்சியின் சேலையைக் கடித்துக்கொண்டிருந்தான்.

கடித்ததும் குழாயடிக்குப் போங்கள். சோப்புப் போட்டு, ஓடும் தண்ணீரில் முழுதாகப் பதினைந்து நிமிடம் கழுவுங்கள். சுண்ணாம்பு, மிளகாய்ப்பொடி, காப்பிப்பொடி எதுவும் வேண்டாம். அன்றைக்கே அரசு மருத்துவமனைக்கு வாருங்கள், காசு கிடையாது. தொப்புளைச் சுற்றிப் போடுவார்கள் என்று இன்னும் பயப்படுகிறீர்கள். அந்தப் பழைய ஊசி 2005 முதலே நம் நாட்டில் இல்லை. இப்போது தோளில்தான்: முதல் ஊசி, அதிலிருந்து 3, 7, 28 நாள் கழித்து மற்றவை. கர்ப்பிணிகளும் போட்டுக்கொள்ளலாம். நாள் கடந்துவிட்டதென்று வெட்கப்பட்டு வராமல் இருந்துவிடாதீர்கள்.

கூரையில் உரசும் மாங்கிளையை வெட்டுங்கள். தண்ணீர்த் தொட்டியை மூடிவையுங்கள். பரணில் எச்சம் கிடந்தால் காய்ந்தபடியே பெருக்காமல், மூக்கைக் கட்டிக்கொண்டு, பிளீச்சிங் கரைசல் தெளித்து அள்ளுங்கள். உடைந்த ஓட்டைக் குட்டிகள் வெளியேறிய பிறகே மாற்றுங்கள். உள்ளே வைத்து அடைத்தால் தாய் ஆவேசமாக வரும். விஷம் வைக்காதீர்கள், பொறியும் வைக்காதீர்கள். 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் காக்கும் உயிர் அது, வனத்துறைக்குச் சொல்லுங்கள். குட்டியைப் பால் கொடுத்து வளர்க்கிறேன் என்று மட்டும் தயவுசெய்து யாரும் கிளம்ப வேண்டாம்.

பையனுக்கு மூன்று தவணை முடிந்திருக்கிறது. கடைசி ஊசி நாளைக் காலண்டரில் வட்டமிட்டு வைத்திருப்பதாக ஆச்சி சொன்னார்.