கலப்பினம் அல்ல, பல்லினம்

சோல், ஃபங்க் என்னும் இசை வகைகளை வாசித்த அமெரிக்கக் குழுவான 'ஸ்லை அண்ட் தி ஃபேமிலி ஸ்டோன்' பற்றித் தமிழில் எழுதுகிறவர்கள் 'கலப்பின இசைக்குழு' என்று எழுதுவதைப் படித்துப் படித்துச் சலித்துவிட்டது. பல இனத்தவர் சேர்ந்தது என்று பொருள்படும் மல்டி எத்னிக் என்ற ஆங்கிலச் சொல்லுக்கான மொழிபெயர்ப்பாம். எத்னோஸ் என்றால் கிரேக்கத்தில் மக்கள் கூட்டம், வேர் அவ்வளவுதான்.

கலப்பினம் என்பது மாட்டுக்கும் மக்காச்சோளத்துக்கும் உரிய சொல். இரண்டு வகைகளைச் சேர்த்து மூன்றாவதாக ஓர் உயிரை உண்டாக்குவது. 1966இல் சான்பிரான்சிஸ்கோவில் தொடங்கிய இந்தக் குழுவில் அப்படி என்ன கலந்தது? டிரம்பெட் ஊதிய சிந்தியா ராபின்சன் கறுப்பர். பேஸ் கிடார்க் கம்பியைக் கட்டைவிரலால் அறைந்து வாசித்த லாரி கிரகாமும் கறுப்பர். சாக்சபோன் வாசித்த ஜெர்ரி மார்ட்டினியும் டிரம்ஸ் வாசித்த கிரெக் எரிகோவும் வெள்ளையர். அவரவர் அவரவராகவே ஒரே மேடையில் நின்றார்கள்.

இன்னொன்றும் உண்டு. அந்நாளில் அமெரிக்க மாநிலங்கள் பலவற்றில் கறுப்பரும் வெள்ளையரும் மணந்துகொள்வது குற்றம். 1967இல்தான் உச்ச நீதிமன்றம் அந்தச் சட்டங்களைச் செல்லாதவை ஆக்கியது. 'இனக்கலப்பு' என்பது அந்தச் சட்டங்களை எழுதியவர்களின் சொல். அதையா இவர்கள் தலையில் கட்டுவது?

பல்லினம் என்பதே சரி. இலங்கைத் தமிழர் நெடுநாளாகப் 'பல்லினச் சமூகம்' என்று எழுதிவருகிறார்கள். பல்லைக் குறிப்பதுபோல் இருக்கிறதே என்று சிலர் முகம் சுளிக்கிறார்கள். 'பல்லாண்டு' பாடும்போது யாருக்கும் பல் நினைவுக்கு வருவதில்லையே! குறளின் 'சிற்றினம் சேராமை' அதிகாரத்தில் இனம் என்பது பிறப்பைச் சொல்லவில்லை, சேர்ந்து பழகும் கூட்டத்தைச் சொல்கிறது. ஓர் இசைக்குழுவுக்கு அந்தப் பொருளும் பொருந்துவது கூடுதல் லாபம்.

இதே மொழிபெயர்ப்பாளர்கள்தாம், சோல் என்றால் ஆன்மா என்பதால், சோல் இசையை 'ஆன்மிக இசை' ஆக்குகிறார்கள். தேவாலயப் பாட்டின் குரலை எடுத்துக் காதலையும் தெருவையும் பாடியது சோல். அது ஆன்மிக இசை என்றால், அடிமைத்தனக் காலத்துக் கறுப்பர்கள் பாடிய ஸ்பிரிச்சுவல் பாடல்களுக்கு என்ன பெயர் வைப்பார்கள்? ஜாஸை ஜாஸ் என்றே எழுதுகிறோம். சோலையும் ஃபங்க்கையும் அப்படியே விட்டுவிடலாம்.