லட்சுமி படத்துக்குப் பின்னால் இருந்த செக்

காரைக்குடியில் ஆடிட்டராக உட்கார்ந்து 24 வருஷம் ஆகிறது. ஜூன் பிறந்தால் பெற்றோர் வந்துவிடுவார்கள். "பி.காம்ல 95 வாங்கியிருக்கா சார், உங்ககிட்ட வேலை பழகட்டும்." சேர்த்துக்கொள்வேன். ஒரு மளிகைக்கடையின் பேங்க் ஸ்டேட்மென்ட்டையும், கடையில் எழுதிய பேங்க் கணக்கையும் கையில் கொடுத்து, "ரெண்டும் ஏன் ஒத்துப்போகலைன்னு பாரும்மா" என்பேன்.

போன வருஷம் வந்த பெண் பத்தே நிமிஷத்தில் எழுந்து வந்தாள். "சார், பேங்க்ல தப்பாப் போட்டிருக்காங்க. நாம கட்டின பணத்தை கிரெடிட்ல காட்டியிருக்கு." அது நம் கணக்கு அல்ல, பேங்க் எழுதிய கணக்கு. நாம் கட்டிய பணம் பேங்க் நமக்குத் தரவேண்டிய கடன். அதனால் அங்கே கிரெடிட். பரீட்சையில் இதை அவளே எழுதியிருப்பாள்.

சரி, திருத்திக்கொண்டு உட்கார்ந்தாள். சாயங்காலம் வித்தியாசம் 14,500 ரூபாயில் வந்து நின்றது. ஒரு சப்ளையருக்குப் போட்ட செக், நான்கு மாதமாக பேங்க்குக்கு வரவில்லை. 'பணமாக்கப்படாத செக்' என்று எழுதிக் கூட்டினால் கணக்கு நேராகிவிடும், முழு மார்க்கும் கிடைக்கும். "கடையில போய்க் கேட்டுட்டு வா" என்று அனுப்பினேன். முதலாளி கல்லாவுக்கு மேலிருந்த லட்சுமி படத்துக்குப் பின்னால் கைவிட்டு, அந்தச் செக்கை எடுத்து நீட்டினாராம். சரக்கில் தகராறு, கொடுக்காமலே வைத்துவிட்டார். செக்குக்கு ஆயுள் மூன்று மாதம். அது இனி வெறும் தாள். தொகையைத் திரும்ப பேங்க் கணக்கில் ஏற்றி, சப்ளையர் பேரில் பாக்கி காட்ட வேண்டும்.

எங்கள் ஐயா 12 வயதில் பர்மாவுக்கு, வட்டிக்கடையில் பெட்டியடிப் பையனாக, அதாவது வேலை பழகும் எடுபிடியாகக் கப்பல் ஏறியவர். முதலில் கடையைக் கூட்டுவது, கடிதம் நகலெடுப்பது, அப்புறம்தான் பேரேடு, அதிலிருந்து அடுத்தாள், அதாவது கடையை நடத்தும் மேலாளுக்கு அடுத்த இடம். இதைச் சொல்லி, "படிப்பெல்லாம் எதுக்கு, கடையில விட்டா தானா வரும்" என்பவர்கள் எங்கள் பக்கம் நிறைய. கப்பல் ஏறும் முன்பே ஐயாவுக்குத் திண்ணைப் பள்ளிக்கூடத்தில் முந்திரி, மாகாணி வாய்ப்பாடு தலைகீழ்ப் பாடம் என்பதை மறந்துவிடுகிறார்கள். முந்திரி என்றால் 320-ல் ஒரு பங்கு. அதை மனசுக்குள் பெருக்கத் தெரியாத பையனுக்கு வட்டிக்கடையில் என்ன வேலை?

கைப்பழக்கம் மட்டும் இருந்தாலும் அடி விழும். தேவகோட்டைப் பக்கம் ஒரு மரக்கடைக் கணக்குப்பிள்ளை. 30 வருஷ அனுபவம், கால்குலேட்டரே தொடமாட்டார். ஒரே ஆளுக்கு ஒரே நாளில் இவ்வளவுக்கு மேல் ரொக்கமாகக் கொடுத்தால் வருமான வரியில் அந்தச் செலவை ஏற்கமாட்டார்கள் என்பது அவருக்குத் தெரியும். ஆனால் தெரிந்தது 20,000 என்ற பழைய வரம்பு. 2017 ஏப்ரலில் அது 10,000 ஆகிவிட்டது. மனிதர் 18,000, 19,000 என்று வருஷம் முழுக்கக் கொடுத்துத் தள்ளியிருந்தார். நடுவிலேயே பிடிக்காமல் விட்டதில் எனக்கும் பங்கு உண்டு. வவுச்சரைப் புரட்டாமல் மொத்தத்தை மட்டும் பார்த்தேன்.

சி.ஏ. படிப்பில் மூன்று வருஷமாக இருந்த பயிற்சிக் காலத்தை 2023-ல் இரண்டாகக் குறைத்தார்கள். எனக்கு வருத்தம்தான். வருஷக் கணக்கு முடிகிற மாதம் மார்ச். முதல் மார்ச்சில் வேடிக்கை பார்ப்பார்கள், இரண்டாவதில் கை வைப்பார்கள். தான் போட்டதில் எங்கே தப்பு என்று தெரிய மூன்றாவது மார்ச் வேண்டும்.

அழகப்பச் செட்டியார் 1947-ல் கல்லூரி தொடங்கியதிலிருந்து இந்த ஊரில் படிப்புக்குப் பஞ்சமில்லை. பிள்ளை காமர்ஸ் முதல் வருஷம் சேர்ந்ததுமே, தெரிந்த கடை ஒன்றில் சனிக்கிழமை தோறும் உட்காரவையுங்கள். நாள் கணக்கு எழுத விடுவார்களா என்று மட்டும் கேட்டுக்கொள்ளுங்கள். டீ வாங்கிவரவும் சொல்வார்கள். ஐயாவும் கடை கூட்டியவர்தான். ராத்திரி கல்லா எண்ணும்போது பிள்ளை பக்கத்தில் இருக்கட்டும். எழுதியதற்கும் எண்ணியதற்கும் 50 ரூபாய் இடித்தால் அன்றைக்கு வீடு வர நேரமாகும். போன் போட்டுக் கூப்பிடாதீர்கள்.