தை மாதத்துக் கடற்கரையைப் பார்த்துக் காணி வாங்காதீர்கள்

கொழும்பில், வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் சேர்த்த காசை இலங்கையின் தெற்குக் கரையில் காணியாக்கி, நாலு அறை கட்டி வெளிநாட்டுக்காரருக்கு விடலாம் என்று கணக்குப் போடுபவர்கள் நிறையப் பேர். காணி உறுதியைச் சட்டத்தரணியிடம் காட்டுகிறார்கள், நல்லது. அந்த ஊர் எப்படி வளர்ந்தது என்று கேட்பவர் குறைவு. கரையோரக் காணியின் பாதிச் சிக்கல் அங்கேதான் இருக்கிறது.

பெந்தோட்டையும் இக்கடுவையும் ஒரே காலி வீதியில் உள்ள ஊர்கள்தான். வளர்ந்த விதம் வேறு. 1966இல் சுற்றுலாச் சபை அமைந்தபோது நாட்டுக்கு வந்த பயணிகள் ஆண்டுக்கு 19,000 கூட இல்லை. அடுத்த ஆண்டு தொடங்கிய பத்தாண்டுத் திட்டத்தின் கீழ் பெந்தோட்டை விடுமுறைத் தலமாக உருவானது. கட்டடக்கலைஞர் ஜெஃப்ரி பாவா வரைந்த ஹோட்டல், கடைத்தொகுதி, ரயில் நிலையம் எல்லாம் முதலில் காகிதத்தில் எழுந்து, பிறகு மண்ணில் எழுந்தன. இக்கடுவைக்கு அப்படியொரு வரைபடம் வாய்க்கவில்லை. பவளப்பாறை பார்க்கவும் அலையில் சறுக்கவும் வந்த இளைஞருக்கு வீட்டுக்காரர் ஓர் அறை கொடுத்தார், பிறகு இரண்டு, பிறகு மேல்மாடி. வீதிக்கும் கடலுக்கும் நடுவிலிருந்த ஒடுங்கிய துண்டு அப்படியே நிரம்பியது.

1982இல் பயணிகள் 4 இலட்சத்தைத் தாண்டிவிட்டார்கள். கரையோரத்தில் கட்டுவதைக் கட்டுப்படுத்தும் கரையோரம் பேணல் சட்டமோ 1981இல் நிறைவேறி, 1983இல்தான் நடைமுறைக்கு வந்தது. சட்டத்தை முந்திக்கொண்ட சுவர்கள் பல இன்னும் நிற்கின்றன. பக்கத்துக் காணிக்காரர் கடல்வரை கட்டியிருக்கிறார் என்பது உங்களுக்கான அனுமதி அல்ல.

அந்தச் சட்டப்படி, சராசரி உயர்நீர்க் கோட்டிலிருந்து (கடல் பெருகும்போது நீர் சராசரியாக எட்டும் எல்லை) நிலப்பக்கம் 300 மீட்டர் கரையோர வலயம். ஆறோ களப்போ கடலோடு சேரும் இடங்களில் அது 2 கிலோமீட்டர் உள்ளே போகும். கடலே கண்ணில் படாத ஆற்றோரக் காணியும் அதற்குள் விழலாம். வலயத்துக்குள் கட்டவே கூடாது என்றில்லை, அனுமதிப்பத்திரம் வேண்டும். கடலிலிருந்து விடவேண்டிய இடைவெளி இடத்துக்கு இடம் மாறும். 40 அடி முகப்புள்ள 10 பேர்ச் (ஏறத்தாழ 2,722 சதுர அடி) காணியின் ஆழம் 68 அடிதான். 10 மீட்டர் விடச் சொன்னாலே பாதி போய்விடும். ஆகவே முற்பணம் கொடுக்குமுன் கரையோரம் பேணல் திணைக்களத்தில் கேளுங்கள். 2004 கடற்கோளுக்குப் பின் தெற்கில் 100 மீட்டர் தடை அறிவித்து, பின்னர் தளர்த்தினார்கள். தரகர் வாயில் இரண்டு காலத்துக் கணக்கும் கலந்து வரும்.

காணி பார்க்கப் போகும் மாதமும் முக்கியம். சீசன் நவம்பர் முதல் ஏப்ரல் வரை. அப்போது மணல் அகலமாக விரிந்து கிடக்கும். மே மாதம் தென்மேற்குப் பருவக்காற்று கிளம்பியதும் அதே மணலைக் கடல் வாரிக்கொண்டு போகும். தையில் அளந்துவிட்டு ஆனியில் அதிர்ந்து போவார்கள். பிறகு அவசரத்துக்குச் செங்குத்துச் சுவர் கட்டுவார்கள். அலை அதில் மோதித் திரும்பி அடிமணலைத் தோண்டும். அத்திவாரம் வெளியே தெரியும். சுவர் ஒருநாள் முன்பக்கம் சாயும். தென்மேற்குக் கரையில் மணல் பொதுவாக வடக்கு நோக்கி நகர்வதால், கடலுக்குள் நீட்டிய கல்லணையின் தெற்கே மணல் சேரும், வடக்கே அரிக்கும். பார்க்கும் காணி அணைக்கு எந்தப் பக்கம்? சுண்ணாம்புக்காகப் பவளத்தை அள்ளிய இடங்களில் அலையை உடைக்கும் பாறையே குறைந்துபோயிற்று. அந்தத் தொழிலை 1988 திருத்தச் சட்டம் தடுத்தது. பாறை அவ்வளவு சீக்கிரம் வளராது.

இனித் தண்ணீர். கரை மணலில் நன்னீர், உப்புநீரின் மேல் மிதக்கிறது. கடல்மட்டத்துக்கு மேல் 1 அடி நன்னீர் நின்றால் கீழே ஏறத்தாழ 40 அடி நன்னீர் இருக்கும். பம்பு போட்டு அந்த 1 அடியை இறைத்துவிட்டால், அடியிலிருந்து உப்பு ஏறும். ஒரு குடும்பத்துக்குத் தாங்கிய கிணறு, எட்டு ஷவருக்குத் தாங்காததன் காரணம் இதுதான். மலசலகூடக் குழிக்கும் கிணற்றுக்கும் 50 அடி விட்டால் போதும் என்பது வழக்கக் கணக்கு. ஆனால் மணலில் கழிவுநீர் வேகமாக ஓடும். உங்கள் குழியை மட்டுமல்ல, அயலவர் குழி எங்கே என்றும் பாருங்கள்.

கரையைப் பார்க்க ஆனியில் ஒருமுறை போங்கள். கிணற்றுக்கு மாசி கடைசியில், மழையில்லா நாளில் போய், இரண்டு மணிநேரம் பம்பு ஓடவிட்ட பிறகு வரும் தண்ணீரைப் போத்தலில் எடுத்து ஆய்வுகூடத்துக்குக் கொடுங்கள். முதல் வாளித் தண்ணீர் எப்போதும் இனிக்கும்.