நான்கு டிகிரி ஆற்றில் ஸ்டீல்ஹெட் தூண்டில்

அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில் ஒலிம்பஸ் மலையின் பனியாறுகளில் பிறந்து பசிபிக்கில் விழுகிறது ஹோ ஆறு. பிப்ரவரியில் அதில் தொடையளவு தண்ணீரில் இறங்கி நின்றால், இடுப்புக்கு மேல் வரும் ரப்பர் உடைக்குள்ளும் கால்விரல்கள் மரத்துப்போகும். தண்ணீரின் வெப்பம் 4 அல்லது 5 டிகிரி செல்சியஸ். எங்கோ ஒரு பாறையை ஒட்டி, கடலிலிருந்து ஏறிவந்த ஸ்டீல்ஹெட் மீன் அசையாமல் நிற்கிறது. அதைப் பிடிக்கக் கற்க வருபவரிடம் இரண்டு கைகளாலும் பிடிக்க வேண்டிய 13 அடிக் கோலைக் கொடுக்கிறார்கள். கனத்த கயிறு கொடுக்கிறார்கள். மீன் கடித்தால் ஒன்றும் செய்யாதே என்கிறார்கள். மூன்றுக்கும் காரணம் தேடினால் பெரும்பகுதி அந்த நான்கு டிகிரிக்கே வந்து சேரும்.

ஸ்டீல்ஹெட் தனி இனமன்று. ஆங்கிலேயர் நீலகிரிக்குக் கொண்டுவந்து அவலாஞ்சி ஓடைகளில் விட்ட ரெயின்போ டிரவுட்டும் இதுவும் ஒன்றே. ஆற்றிலேயே தங்கிவிட்டால் டிரவுட். கடலுக்குப் போய் வளர்ந்து திரும்பினால் ஸ்டீல்ஹெட். வெள்ளி உடம்பும் எஃகு நீலத் தலையுமாக, பெரும்பாலும் மூன்று முதல் ஐந்து கிலோ எடையில் திரும்பும். கோடையில் ஆறு ஏறுபவை சினை முற்றாமல் வந்து மாதக்கணக்கில் ஆற்றில் காத்திருக்கும். நவம்பர் முதல் ஏப்ரல் வரை ஏறுபவை கடலிலேயே ஏறக்குறைய முற்றிய சினையோடு கிளம்புபவை. முட்டையிடுவது ஒன்றே அவற்றின் வேலை. இரைப்பை பெரும்பாலும் காலியாகவே இருக்கும்.

பசியில்லாத மீன் ஏன் கடிக்கிறது? குஞ்சாக இருந்தபோது இதே ஆற்றில் இரை பிடித்த பழக்கம் என்பார்கள் சிலர். தன் இடத்துக்குள் நுழைந்ததை விரட்டும் எரிச்சல் என்பார்கள் சிலர். ஆய்வாளர்களிடையே இது இன்னும் தீராத வழக்கு. ஆனால் எவ்வளவு தூரம் நகர்ந்து வந்து கடிக்கும் என்பதைத் தண்ணீரின் வெப்பம் பெரிதும் தீர்மானிக்கிறது. மீனின் உடல் வெப்பம் ஏறத்தாழத் தண்ணீரின் வெப்பமே. பத்து டிகிரி குறைந்தால் உடலின் வேதிவினைகள் பாதியாகவோ அதற்கும் கீழாகவோ மந்தப்படும். கோடையில் மேற்பரப்பில் மிதக்கும் பூச்சிக்காகப் பாய்ந்து வரும் மீன், குளிர்காலத்தில் மூக்குக்கு முன்னால் மெதுவாகக் கடப்பதற்கு மட்டுமே வாய் திறக்கும். ஆகவே இரை ஆழமாகப் போக வேண்டும், மெதுவாகவும் போக வேண்டும். ஓடும் ஆற்றில் இந்த இரண்டையும் ஒருசேரச் சாதிப்பதுதான் இந்தக் கலையின் உயிர்.

முதலில் வீச்சு. நம் குளக்கரையில் ஈயக்குண்டின் எடைதான் நரம்பை இழுத்துக்கொண்டு பறக்கிறது. இங்கே நடப்பது ஃப்ளை ஃபிஷிங். அதில் இரையாக முள்ளில் கட்டியிருப்பது இறகும் நூலும் மட்டுமே. எடை கயிற்றில் இருக்கிறது. சாதாரண முறையில் கயிற்றை முதலில் பின்னால் முழு நீளத்துக்கு வீசி, பிறகு முன்னால் வீசுவார்கள். ஹோ ஆற்றின் கரையில் அதற்கு இடமில்லை. ஆண்டுக்கு 3,000 மில்லிமீட்டருக்கு மேல் மழை பெய்யும் காடு அது. ஸ்புரூஸ் மரங்கள் தண்ணீர் விளிம்புவரை வந்து நிற்கும். இங்கே கைகொடுப்பது ஸ்காட்லாந்தின் ஸ்பே ஆற்றின் பெயரால் வழங்கும் வீச்சு.

அதை அருகில் நின்று பார்க்க வேண்டும். கோல் பக்கவாட்டில் சுழல்கிறது. கயிற்றின் நுனி தண்ணீரைவிட்டு முழுதாக எழுவதில்லை. ஒரு முனை ஆற்றில் ஒட்டிக்கொண்டிருக்க, மீதி வீசுபவரின் தோளுக்குப் பின்னால் தொங்கும் தூளிபோல் வளைகிறது. தண்ணீரின் பிடியும் அந்த வளைவின் எடையும் சேர்ந்து கோலை வில்லாக வளைக்கின்றன. மேல்கை தள்ள, கீழ்க்கை வயிற்றை நோக்கி இழுக்க, கோல் நிமிர்கிறது. துணி கிழிவதுபோன்ற ஓசையோடு கயிறு தண்ணீரை உதறி எழுந்து, எதிரே சுருள் பிரிந்துகொண்டே போகிறது. புதிதாகக் கற்பவர்கள் தோள்பலத்தால் எறியப் பார்ப்பார்கள். தண்ணீர் பிடிப்பதற்குள் இழுத்தால் கோல் வளையாது, சுருள் பாதியில் சரிந்துவிடும். பொறுத்து இழுப்பதுதான் பாடம்.

வாஷிங்டனின் ஸ்காஜிட் ஆற்றில் மீன்பிடித்தவர்கள் இதற்கென்றே குட்டையும் கனமுமான, ஆனாலும் மிதக்கும் ஒரு கயிற்றை உருவாக்கினார்கள். ஏழு மீட்டர் அளவே நீளம். எடை சுமார் 35 கிராம். அந்த எடை எதற்கு? அதன் முனையில் கோக்கும் மூழ்கு கயிற்றை ஆற்றிலிருந்து பிடுங்கி எடுப்பதற்கு. மூழ்கு கயிற்றின் உறையில் டங்ஸ்டன் பொடி கலந்திருக்கும். ஈயத்தைவிட ஒன்றரை மடங்குக்கும் மேல் அடர்த்தியானது என்பதால், கயிறு மெல்லியதாக இருந்தும் கனமாக இருக்கும். மெல்லிய கயிற்றை ஓட்டம் அதிகம் தள்ளாது. கனமான வகை வினாடிக்கு ஏறத்தாழ 20 சென்டிமீட்டர் மூழ்கும். ஒன்றரை மீட்டர் ஆழத்துக்கு இறங்க ஏழெட்டு வினாடி. நொடிக்கு ஒரு மீட்டர் ஓடும் தண்ணீரில் அதற்குள் ஏழெட்டு மீட்டர் அடித்துப்போகும். மீன் நிற்கும் இடத்துக்கு நேராக வீசுபவருக்கு மீன் கிடைக்காததற்கு இந்தக் கணக்கே காரணம்.

அடுத்த சிக்கல் ஓட்டத்தின் அடுக்குகள். ஆற்றின் அடித்தளம் கல்லில் உராய்ந்து மெதுவாகப் போகும், மேல்தண்ணீர் விரையும். மிதக்கும் கயிற்றை அது வில்லாக வளைத்து இழுத்துச் சென்றால், கீழே இறகும் சாட்டைபோல் விரைந்து மேலெழும்பிவிடும். இதைத் தடுக்க, கயிறு விழுந்ததும் அதன் நடுப்பகுதியைக் கோலால் தூக்கி ஆற்றின் மேற்புறமாகப் போடுகிறார்கள். 13 அடிக் கோலின் இன்னொரு பயன் இது. பிறகு இறகு ஆற்றின் குறுக்கே மெல்ல வளைந்து, ஓட்டத்தின் திசையில் வீசியவருக்கு நேர் கீழே வந்து நிற்கும். நெருப்புக்கோழி இறகின் இழைகள் அந்த மந்தகதியிலும் உயிருள்ளதுபோல் அலையும். இரண்டு அடி கீழே நகர்ந்து மறுபடியும் வீச்சு. உழவர் சால் விடுவதுபோல், ஆற்றின் ஒரு துண்டு முழுவதும் இப்படித் தடவப்படுகிறது.

மீன் தொட்டால்? தக்கை அமிழ்ந்ததும் சுண்டி இழுப்பது நம் கையில் ஊறியது. இங்கே அதுவே மீனைத் தவறவிடும் வழி. மீன், தூண்டில்காரருக்குக் கீழே ஓட்டத்தின் திசையில், அவரை நோக்கி முகம் வைத்து நிற்கிறது. சுண்டினால் முள் திறந்த வாயிலிருந்து நேராக வெளியே வந்துவிடும். சும்மா இருந்தால் மீன் இரையோடு திரும்பும். ஓட்டம் கயிற்றை இழுக்க, முள் தானாகத் தாடையின் மூலைக்குப் போய்ப் பதியும். இதற்காகவே விரலிடுக்கில் ஒரு முழம் கயிறு தளர்வாக விடப்படுகிறது. அந்தத் தளர்வை மீன் உருவிக்கொண்டு போகும்வரை கை அசையக் கூடாது. எனக்கு இந்த முழு முறையிலும் மிக அழகாகப்படுவது இந்த இடம்தான்.

கரைக்கு வந்த மீனின் முதுகில், வாலுக்குச் சற்று முன்னால், சதைப்பற்றான ஒரு சிறு துடுப்பைத் தேடிப் பார்க்க வேண்டும். பண்ணையில் பொரித்தவற்றுக்குப் பொதுவாக அதை வெட்டிவிடுவார்கள். துடுப்பு இருந்தால் காட்டு மீன். ஸ்காஜிட்டும் சேர்ந்த, வாஷிங்டனின் பியூஜெட் சவுண்ட் என்ற கடல் நுழைவாய்ப் பகுதியின் ஸ்டீல்ஹெட்கள் 2007-இல் அழியும் அச்சுறுத்தலுக்கு உள்ளானவை என்று அமெரிக்கக் கூட்டாட்சிப் பட்டியலில் சேர்க்கப்பட்டன. விடவேண்டிய காட்டு மீனைத் தண்ணீரிலிருந்து முழுதாகத் தூக்குவதே வாஷிங்டனில் சட்டவிரோதம். காற்றில் செவுள் இழைகள் ஒன்றோடொன்று ஒட்டிப் படிந்து, மூச்சு வாங்கும் பரப்பு சுருங்கிவிடும். ஆகவே நுனியருகே பின்னோக்கிய கூர் இல்லாத முள்ளைத் தண்ணீருக்குள் வைத்தே கழற்றி, வாலடியைப் பிடித்து, தலையை ஓட்டத்துக்கு எதிராகக் காட்டுகிறார்கள். முட்டையிட்டவுடன் சாகும் பசிபிக் சால்மன்களைப் போலன்றி, ஸ்டீல்ஹெட்களில் சில கடலுக்குத் திரும்பி, தேறி, இன்னொரு குளிர்காலத்தில் இதே ஆற்றுக்கு மறுபடியும் ஏறிவரும்.